சிப்பியின் 108-ஆம் பல்

ரேஸில் ஓடி ஓய்வுபெற்ற கிரேஹவுண்டு நாய் வீட்டில் இருக்கிறது என்று சொன்னால் எல்லோரும் காலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எவ்வளவு வேகமாக ஓடும், பார்க்கில் அவிழ்த்து விடலாமா, பூனையைக் கண்டால் துரத்துமா. வாயைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை. கிரேஹவுண்டு வைத்திருக்கிற இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் மட்டும் பேச்சு நேராகப் பல்லுக்குப் போய்விடும். "உங்களுடையதற்கு எத்தனை மிச்சம்?"

சிப்பிக்கு 32 மிச்சம். வளர்ந்த நாய்க்கு முழுசாக 42 இருக்க வேண்டும். எங்களிடம் வந்தபோதே 33 தான் இருந்தது. அதற்குப் பிறகு போன அந்த ஒரே ஒரு பல்லுக்காக இன்சூரன்ஸ் கம்பெனியோடு நடந்த இழுபறியை எழுதச் சொல்லி நண்பர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். நாய் வைத்திருக்காதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது முழுக்க முழுக்கப் பாலிசி, பில், ஈறு சமாசாரம்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். சிப்பி அயர்லாந்தில் பிறந்தவள். லண்டனில் ரோம்ஃபர்ட் நாய்ப் பந்தய மைதானத்தில் ஓடியவள். காதுக்குள் பச்சை குத்திய எழுத்துகள் இன்னும் தெளிவாக இருக்கின்றன. ரேஸ் பெயர் ஏதோ நீளமாக, வாயில் நுழையாத மாதிரி இருந்தது. எனக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். சிப்பிப்பாறை நாய்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்குக் கிரேஹவுண்டு அந்நியமாகத் தெரியாது. அதே ஒட்டிய வயிறு, அதே நீள மூஞ்சி, வெயில் விழுகிற இடம் பார்த்துப் படுக்கிற அதே சோம்பல். பெயர் வைக்க யோசிக்கவே இல்லை.

நாயைத் தத்துக் கொடுக்கிற அமைப்பு, கருத்தடை செய்யும்போது அதே மயக்கத்திலேயே பல்லையும் சுத்தம் செய்து, தேறாததைப் பிடுங்கிவிட்டுத்தான் கொடுத்தது. இங்கே பல அமைப்புகள் அப்படித்தான் செய்கின்றன, ஏனென்றால் இந்த இனத்தின் வாய் அவ்வளவு மோசம். லண்டன் ராயல் வெட்டரினரி காலேஜ் ஆட்கள் 2019-இல் 5,419 கிரேஹவுண்டுகளின் மருத்துவக் குறிப்புகளைப் பார்த்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் 39 சதவீத நாய்களுக்கு ஒரே வருடத்தில் பல் நோய் பதிவாகியிருந்தது. எல்லா இனங்களையும் சேர்த்து அதே காலேஜ் 2021-இல் செய்த கணக்கில் ஈறு நோய் 12.5 சதவீதம். ரேஸ் நாய்களை அடைத்து வைக்கிற கென்னலில் ஊறவைத்த, கூழான தீனி, பல் தேய்த்துவிட ஆள் கிடையாது, பிறவியும் ஓரளவு காரணம் என்கிறார்கள். எது எவ்வளவு என்று அடித்துச் சொல்ல யாரும் இல்லை. வாய் நாறும், அது மட்டும் நிச்சயம்.

எனக்குப் பகல் வேலை கார் இன்சூரன்ஸ் க்ளெய்ம் பிரிவில். மோதின வண்டி, உடைந்த விளக்கு, 'நான் நின்றுகொண்டிருந்தேன், அவர்தான் வந்து இடித்தார்' வகையறா. அதனால் பாலிசித் தாளின் முதல் பக்கத்தில் சிரிக்கிற நாய்க்குட்டிப் படத்தை நான் பார்ப்பதில்லை. 'எதற்கெல்லாம் தரமாட்டோம்' என்ற பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னாலிருந்து முன்னால் வருவேன்.

பிரிட்டனில் நாய் பாலிசி நாலு ரகம். விபத்துக்கு மட்டும் தருவது ஒன்று. ஒரு நோய்க்கு 12 மாதம் பணம் கொடுத்துவிட்டு அப்புறம் அந்த நோயையே கை கழுவுவது இன்னொன்று. ஒரு நோய்க்கு மொத்தம் இவ்வளவு என்று வைத்து, தீரும் வரை தருவது மூன்றாவது. வருடா வருடம் வரம்பு புதிதாகிற 'லைஃப்டைம்' நாலாவது, விலையும் அதற்குத்தான் கூட. பல்லைப் பொறுத்தவரை 12 மாத ரகம் வீண். ஈறு நோய் ஒருமுறை வந்து போகிற காய்ச்சல் இல்லை. வந்தால் கடைசி வரை கூடவே இருக்கும்.

இந்த நாலு ரகத்துக்குள்ளும் பல் தனிப் பிரிவு. பல் விபத்து வேறு, பல் நோய் வேறு. எதிலாவது மோதிப் பல் உடைந்தால் அனேகமாக எல்லாக் கம்பெனியும் தரும். ஈறு நோய், வேரில் சீழ், பல் சொத்தை என்றால் சில பாலிசிகளில்தான் உண்டு. உண்டு என்று இருந்தாலும் அதற்குத் தனி உச்சவரம்பு வைத்திருக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. காறை எடுத்துப் பாலிஷ் செய்வது, அதாவது நாமே கிளினிக் போனால் செய்துகொள்கிற ஸ்கேலிங், நோய்க்கான சிகிச்சையின் பகுதியாக இருந்தால் சில இடத்தில் கிடைக்கும், சும்மா சுத்தத்துக்கு என்றால் கிடையாது. விழாமல் நிற்கிற பால் பல்லை எடுப்பதையும் பலர் விலக்கி வைத்திருக்கிறார்கள். பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர் மாதிரிக் குட்டி ஜாதி வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். அவற்றுக்குத்தான் பால் பல் விழாமல் அதன் பக்கத்திலேயே புதுப் பல் முளைத்து நிற்கும்.

இதற்கெல்லாம் மேலே இரண்டு நிபந்தனை. வருடம் ஒருமுறை வெட், அதாவது கால்நடை டாக்டர், வாயைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்துவிட்டு ஏதாவது செய்யச் சொன்னால் குறிப்பிட்ட காலத்துக்குள் செய்திருக்க வேண்டும். அந்தக் காலம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எங்கள் பாலிசியில் மூன்று மாதம். க்ளெய்மில் தலை உருளுவது இந்த இரண்டு வரியில்தான். பார்க்கில் எங்களோடு நடக்கும் ஒரு பாட்டியின் கிரேஹவுண்டுக்கு இரண்டு கோரைப்பல் எடுக்க வேண்டி வந்தது. பாட்டிக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகியிருந்ததால் அந்த வருடத் தடுப்பூசியும், அன்றைக்கே நடக்கிற வாய்ப் பரிசோதனையும் சில வாரம் தள்ளிப் போயிருந்தன. அந்த இடைவெளியைக் காட்டி அவருடைய கம்பெனி ஒரு பைசா தரவில்லை. சட்டப்படி எழுதியதைத்தான் செய்தார்கள். கேட்டபோது எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

நாய்க்கு இன்சூரன்ஸ் போட்டதை அம்மாவிடம் போனில் சொன்னபோது அவர் அசரவே இல்லை. "நம்ம மாட்டுக்குப் போடலையா?" என்றார். அப்பா பேங்க் லோனில் வாங்கின கறவை மாடு. லோன் மாட்டுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம். மாட்டு டாக்டர் வந்து, மாட்டின் மூக்கைப் பிடித்துத் தூக்கி, பல்லைப் பார்த்து வயசு எழுதினார். ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு என்கிற கணக்கு. காதில் கம்மல் மாதிரி டேக் ஒன்றை அடித்தார்கள். மாடு செத்தால் அந்த டேக்கைக் கழற்றிக் கொடுத்தால்தான் பணம். டேக் இல்லையா, க்ளெய்ம் இல்லை. "அங்கயும் பல்லைப் பாத்துத்தான எழுதுவாக?" என்று அம்மா கேட்டார். ஆமாம் என்றேன். நான் தினமும் சிப்பிக்குப் பல் தேய்த்து விடுகிறேன் என்று சொன்னதைத்தான் அவரால் ஜீரணிக்க முடியவில்லை. "ஏய்யா, நாய்க்குமா பல்லு வெளக்கி விடுறே? ஒனக்குச் சின்னப் புள்ளைல நான் கெஞ்சாத கெஞ்சு கெஞ்சுனேன்."

வாய்க்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இந்த நிபந்தனைகள் ஏன் இருக்கின்றன என்பது புரியாது. சாப்பிட்டதும் பல்லில் படிகிற மெழுக்கு, எச்சிலில் உள்ள தாதுவோடு சேர்ந்து சில நாளிலேயே கல்லாகிவிடும். அதுதான் காறை. மேலே தெரிகிற பழுப்புக் காறை பார்க்கத்தான் அசிங்கம், ஆபத்து ஈறுக்கு அடியில். ஈறு சிவந்து வீங்குகிற முதல் கட்டம் வரை திரும்பி வரலாம். அதைத் தாண்டி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைய ஆரம்பித்துவிட்டால் போன எலும்பு திரும்பாது. நாய் இதையெல்லாம் சொல்லவும் சொல்லாது, வலியோடேயே வழக்கம்போலச் சாப்பிடும். அதனால் கம்பெனி, 'வருடத்துக்கு ஒரு தடவையாவது ஆரம்பத்தில் பிடித்துச் சரி செய், முற்றவிட்டு எங்களிடம் வராதே' என்கிறது. நியாயம்தான். ஆனால் ஆரம்பத்தில் பிடிப்பதற்கான ஸ்கேலிங் செலவை அதே கம்பெனி தராது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் இருக்கிற என் தங்கை அவளுடைய பூனைக்குக் கூடுதல் பிரீமியம் கட்டி 'வெல்னஸ்' என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறாள். அதில் வருடாந்தர ஸ்கேலிங்குக்கு ஒரு தொகை வருகிறது. இங்கே அந்த வேலையைக் கிளினிக்குகளே மாதச் சந்தாத் திட்டமாக நடத்துகின்றன. தடுப்பூசி, உண்ணி மருந்து, பல் சிகிச்சையில் கொஞ்சம் தள்ளுபடி. அது இன்சூரன்ஸ் இல்லை. ரிசப்ஷனில் இரண்டும் ஒன்றுபோலக் காதில் விழும்.

சரி, 108-க்கு வருகிறேன்.

வெட்கள் பல்லுக்கு எண் வைத்திருக்கிறார்கள். முதல் இலக்கம் வாயின் கால் பகுதி: மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. அடுத்த இரண்டு இலக்கம் நடுவிலிருந்து பின்னால் எண்ணுவது. 104 என்றால் மேல் வலது கோரைப்பல். 108 என்பது மேல் வலப்பக்கம் பெரிதாக, கத்தரி மாதிரி வெட்டுகிற பல். மூன்று வேர். நாய் எலும்பைத் தலையைச் சாய்த்துக் கடைவாயில் வைத்துக் கடிக்கிறதே, அப்போது வேலை செய்வது இதுதான்.

பக்கத்து வீட்டு நாய்க்கு ஒரு மான்கொம்புத் துண்டு இருந்தது. இயற்கையானது, பல்லுக்கு நல்லது என்று எழுதி இங்கே எல்லா நாய்க் கடையிலும் விற்கிறார்கள். பல் பார்க்கிற வெட் எவரிடமாவது கேட்டுப் பாருங்கள், முகத்தைச் சுளிப்பார். கட்டை விரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், விழாத எதையும் கடிக்கக் கொடுக்காதே என்பது அவர்கள் சொல்லும் எளிய சோதனை. மான்கொம்பு, மாட்டுக் குளம்பு, வேகவைத்த எலும்பு எல்லாம் அதில் தோற்கும். அந்த வீட்டுத் தோட்டத்தில் சிப்பி அதை எடுத்துக்கொண்டு போய்ப் புதருக்குள் உட்கார்ந்துவிட்டாள். வெளியே இழுத்து வந்தபோது ஒன்றும் தெரியவில்லை.

சில வாரம் கழித்து வலது கண்ணுக்குக் கீழே ஒரு வீக்கம். காலையில் இல்லை, சாயங்காலம் பார்த்தால் பாதி நெல்லிக்காய் அளவு. பூச்சி கடித்திருக்கும் என்றாள் மனைவி. தொட்டால் சூடாக இருந்தது, சிப்பி தலையை உதறிக்கொண்டாள். டாக்டர் உதட்டை மேலே தூக்கி, டார்ச் அடித்து, ஒரு விநாடிதான் பார்த்தார். "108" என்றார். பல்லின் வெளிப்பக்கம் ஓர் ஓடு பெயர்ந்து வந்த மாதிரி, மேலிருந்து ஈறு வரைக்கும் ஒரு தகடு காணாமல் போயிருந்தது. நடுவில் சிறு கரும்புள்ளி. அதுதான் திறந்து கிடக்கும் பல் நரம்பு. அந்த வழியாகக் கிருமி இறங்கி, வேர் நுனியில் சீழ் வைத்து, கண்ணுக்குக் கீழே முட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இந்தப் பல்லின் வேர் அங்கேதான் போய் முடிகிறது.

இரண்டு வழி இருந்தது. பல் நிபுணரிடம் போய் வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றலாம், செலவு இரண்டு மடங்குக்கு மேல். அல்லது எடுத்துவிடலாம். ஏற்கெனவே ஒன்பது பல் இல்லாத வாய், எடுத்துவிடுங்கள் என்றோம்.

கிரேஹவுண்டுக்கு மயக்க மருந்து கொடுப்பது தனிக் கதை. உடம்பில் கொழுப்பு குறைவு, ஈரலும் மெதுவாகத்தான் மருந்தைக் கரைக்கும், அதனால் பழைய வகை பார்பிட்யூரேட் மருந்து கொடுத்தால் மயக்கம் தெளியவே நேரமாகும். இப்போது வேறு மருந்துகள் இருப்பதால் அது பெரிய பிரச்சினை இல்லை. ஆபரேஷன் நன்றாக முடிந்து, மறுநாளோ அதற்கடுத்த நாளோ ரத்தம் கசிய ஆரம்பிப்பதும் இந்த இனத்தில் உண்டு. உறைந்த ரத்தம் சீக்கிரம் கரைந்துவிடும் சுபாவம். அதற்காக ட்ரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரையை முன்கூட்டியே சேர்த்துக் கொடுத்தார் எங்கள் டாக்டர். ரத்தப் பரிசோதனையில் சிவப்பணு அளவு மற்ற நாய்களைவிடக் கூட இருக்கும், அது நோய் இல்லை. க்ளெய்ம் பார்க்கிற பிள்ளைக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொன்றும் ஏன் என்று சிகிச்சைக் குறிப்பிலேயே எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

எக்ஸ்ரேயைக் காட்டினார். பெரிய வேரின் நுனியைச் சுற்றி ஒரு கறுப்பு வட்டம், அந்த இடத்து எலும்பு கரைந்துபோனதன் அடையாளம். பக்கத்துப் பல்லைச் சுற்றி எலும்பு வெள்ளையாக, கெட்டியாக, ஈறு மட்டம் வரை நின்றது. இந்தப் படம்தான் பின்னால் காப்பாற்றியது. பல்லை முழுசாகப் பிடுங்க முடியாது, மூன்று வேரும் மூன்று பக்கம் விரிந்திருக்கும். டிரில்லால் மூன்று துண்டாக அறுத்து, ஒவ்வொரு வேராக நெம்பி எடுத்து, ஈறை இழுத்துத் தைத்தார்கள். அதே மயக்கத்தில் மற்ற பல்லுக்கெல்லாம் காறையும் எடுத்தார்கள்.

பில் 1,180 பவுண்டு, வாட் 20 சதவீதம் உள்பட. வெட் கட்டணங்கள் இங்கே எல்லோர் வயிற்றிலும் புளியைக் கரைக்கிற விஷயம். போட்டி ஆணையமான சிஎம்ஏ 2024 மே மாதம் இதற்காக முழு விசாரணையே தொடங்கியது. எங்கள் கிளினிக் முன்கூட்டியே வரிவரியாக எஸ்டிமேட் கொடுத்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

க்ளெய்ம் அனுப்பினேன். கம்பெனி சிப்பியின் பழைய மருத்துவக் குறிப்பு முழுவதையும் கிளினிக்கிடமிருந்து வாங்கிப் பார்த்தது. பிறகு ஒரு கடிதம்: 'பாலிசி தொடங்கும் முன்பே பல் நோய் இருந்திருக்கிறது. மேலும் கடைசிப் பரிசோதனையில் 108-ஆம் பல்லில் காறை பதிவாகியுள்ளது, சிகிச்சை செய்யப்படவில்லை. ஆகவே தர இயலாது.'

கோபம் வரவில்லை. இந்த மாதிரிக் கடிதத்தை நானே எழுதியிருக்கிறேன், அதனால் அது எங்கே பலவீனம் என்று தெரியும். இரண்டு வேறு விஷயத்தை ஒரே வாய்க்குள் இருப்பதால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். பின் பம்பரில் பழைய கீறல் இருக்கிறது என்பதற்காக முன் கண்ணாடி உடைந்ததற்குப் பணம் தரமாட்டேன் என்று எங்கள் ஆபீஸில் யாராவது எழுதினால் மேனேஜர் சீட்டைக் கிழித்துவிடுவார்.

ரிசப்ஷனில் கேட்டு அதே மருத்துவக் குறிப்பின் நகல் வாங்கினேன். கேட்டால் கொடுப்பார்கள். பாலிசி வைத்திருக்கும் எல்லோரும் வருடம் ஒரு தடவையாவது வாங்கிப் படிக்க வேண்டிய தாள் அது. நம் முன்னால் டாக்டர் சிரித்துக்கொண்டே "பல் பரவாயில்லை" என்பார். கம்ப்யூட்டரில் என்ன தட்டுகிறார் என்பதைத்தான் கம்பெனி படிக்கிறது. எங்கள் குறிப்பில் கடைசித் தடுப்பூசி நாளன்று இருந்தது இவ்வளவு: '108, 208 லேசான காறை. ஈறு அழற்சி இல்லை. பல் முழுமையாக உள்ளது. தேய்ப்பதைத் தொடரவும், அடுத்த முறை பார்க்கலாம்.' செய்யச் சொன்ன சிகிச்சை எதுவும் இல்லை. ஆகவே மூன்று மாதக் கெடு ஓட ஆரம்பிக்கவே இல்லை. பல் முழுமையாக இருந்தது என்று வேறு எழுதியிருக்கிறார், அப்படியென்றால் உடைந்தது அதற்குப் பிறகு.

புகார்க் கடிதம் ஒரே பக்கம். மூன்று விஷயம் மட்டும். ஒன்று, இது உடைவினால் வந்த சீழ். ஈறு நோயால் வந்ததில்லை, எக்ஸ்ரேயில் ஈறு மட்டத்து எலும்பு சரியாக இருக்கிறது. இரண்டு, மேலே சொன்ன குறிப்பின் வரிகள், தேதியோடு. மூன்று, தத்துக்கு முன் எடுத்த ஒன்பதில் 108 இல்லை. டாக்டர் நாலு வரியில் ஒரு கடிதம் சேர்த்துக் கொடுத்தார். முடிவில், திருப்தியான பதில் வராவிட்டால், இந்த மாதிரிப் புகாரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிற நிதி ஆம்பட்ஸ்மனிடம் போவேன் என்று பணிவாக ஒரு வாக்கியம். இந்த நாட்டில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் புகாருக்கு இறுதிப் பதில் சொல்ல எட்டு வாரம் அவகாசம். அதற்குள் சொல்லாவிட்டாலும், சொன்னது பிடிக்காவிட்டாலும் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், நமக்குச் செலவில்லை. இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். திட்டி எழுதுகிற நாலு பக்கக் கடிதங்கள் எங்கள் ஆபீஸுக்கும் வரும். அதில் விஷயத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் படிக்கிறவருக்கு டீ நேரம் வந்துவிடும்.

எட்டு வாரம் முடியும் முன்பே பதில் வந்தது. மறுபரிசீலனை செய்தோம், விபத்துப் பிரிவில் ஏற்கிறோம்.

கணக்கு இப்படி. 1,180-இல் காறை எடுத்துப் பாலிஷ் செய்த 260 பவுண்டு கிடையாது, அது சுத்தம் செய்வது. அதில் நான் வாதாடவில்லை, அவர்கள் சொன்னது சரி. மிச்சம் 920. அதில் எக்ஸஸ், அதாவது முதலில் நம் தலையில் விழுகிற தொகை, 130. மிச்சம் 790. அதில் நம் பங்கு 10 சதவீதம், 79. கையில் வந்தது 711. நான் கட்டியது 469. இதில் ஒரு சின்ன சூட்சுமம்: எக்ஸஸை முதலில் கழிக்கிறார்களா, சதவீதத்தை முதலில் கழிக்கிறார்களா என்று பாருங்கள். சதவீதத்தை முதலில் எடுத்தால் 698 தான் வந்திருக்கும். பதின்மூன்று பவுண்டு பெரிய பணமில்லை, ஆனால் நம் பங்கு 20 சதவீதம் ஆகும்போது இரண்டு முறைக்கும் வித்தியாசம் இரண்டு மடங்காகிவிடும்.

இவ்வளவு பட்டும், ஸ்கேலிங்குக்காக ஒருவர் இன்சூரன்ஸ் எடுப்பதாக இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கிரேஹவுண்டுக்கு ஸ்கேலிங் வந்தே தீரும் செலவு. வந்தே தீரும் செலவை எந்தக் கம்பெனியும் லாபமில்லாமல் ஏற்காது. பிரீமியத்திலேயே அரசுக்கு 12 சதவீத வரி வேறு போகிறது. அதற்கு மாதாமாதம் தனியாக ஒரு தொகை எடுத்து வைப்பதே மேல், நாங்கள் அப்படித்தான் வைக்கிறோம். பல் உடைவது, சீழ், தாடை எலும்பு, வாயில் கட்டி, இவற்றுக்குத்தான் பாலிசி. பூனை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். பல் தானாகவே கரைகிற நோய் நடு வயது தாண்டிய பூனைகளில் சர்வசாதாரணம், வாய் முழுக்கப் புண்ணாகி எல்லாப் பல்லையும் எடுக்க வேண்டி வருவதும் உண்டு. 'பல் விபத்து மட்டும்' என்ற பாலிசி அவர்களுக்கு அநேகமாக ஒன்றுக்கும் உதவாது. மயக்கம் கொடுக்காமல் காறை எடுத்துத் தருகிறோம் என்று நாய்க் குளியல் கடைகளில் போர்டு வைத்திருக்கிறார்கள். பார்க்க வெள்ளையாகும், ஈறுக்கு அடியில் இருப்பது அப்படியே இருக்கும், பணமும் போகும்.

பல் தேய்ப்பது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மனிதப் பற்பசை கூடாது. சிலவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கிற சைலிட்டால் இருக்கும், நாய்க்கு அது விஷம். நாய்க்கென்று கோழி ருசியில் விற்கிற பசை போதும். சிப்பிக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் சோபாவில் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, கன்னத்தை விரலால் லேசாக விலக்கி, வெளிப்பக்கம் மட்டும். உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்கிறது. அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். கோழி பிடித்திருக்கிறது. 108 இருந்த இடத்தில் ஈறு வழுவழுவென்று மூடிவிட்டது, பிரஷ் அங்கே போனதும் வழுக்கிக்கொண்டு 107-இல் போய் நிற்கும்.

ரின்யூவல் தாள் போன வாரம் வந்தது. பிரீமியம் ஏறியிருக்கிறது. எட்டு வயது முடிந்தால் நம் பங்கு 10-இலிருந்து 20 சதவீதமாகும் என்று ஒரு வரியும் சேர்ந்திருக்கிறது. "வேற கம்பெனி பாக்கலாமாங்க, கொறைச்சலா இருக்கே" என்று மனைவி இரண்டு மூன்று விலைகளைக் காட்டினாள். குறைவுதான். ஆனால் மாறினால் அந்தக் கம்பெனியின் கண்ணுக்கு இந்த வாய் முழுவதுமே பழைய நோயாகிவிடும், மிச்சமிருக்கும் 32-இல் எதற்கும் நாளைக்கு வாதாட முடியாது. பழைய இடத்திலேயே பணத்தைக் கட்டிவிட்டு, தடுப்பூசிக்கு 12 மாதக் கெடு முடிவதற்கு ஒரு வாரம் முன்பாகவே நாள் வாங்கிவிட்டேன். பாட்டிக்கும் போன் செய்து, அவருடைய நாய்க்கும் அதே நாளில் பக்கத்து நேரமாகப் பார்த்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். காரில் இரண்டு கிரேஹவுண்டு எப்படி உட்காரும் என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.